காற்றின் மறைவில் சுழலும் கடல்

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலைநாட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. பெய்ய வேண்டியதை எல்லாம் மேற்கிலேயே பெய்துவிட்டு, அறுவடைக்குக் காத்திருக்கும் வயல் வட்டைகளின் மேலே சூடேறி, வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்குள் வரும். அந்த நாட்களில் மத்தியானம் ஆனால் ஊரே பாதி உறக்கத்தில் கிடக்கும். கோட்டைப் பக்கத்து வாவி நீர் மட்டும் சின்னச் சின்னச் செதில்களாக மினுங்கிக்கொண்டு கிழக்கே போவதுபோலத் தெரியும். போவது அலைதான், நீர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் ஜன்னலால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நம்பாமல் எழுதிக்கொள்வார்கள்.

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் தனியே இருக்கிறேன். கூடப் பிறந்தது ஒரு தம்பி மட்டும். கல்குடாவில் கலியாணம் செய்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டான். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஆழ்கடல் போட் ஒன்றில் வேலை செய்கிறான். நாலு பேர் போவார்கள். இரண்டு கிழமைக்கு மேல் கடலில் இருந்துவிட்டு வருவார்கள். கடலின் கணக்கைப் படித்தது நான், கடலுக்குப் போனது அவன். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

ஆடியின் நடுவில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்றும்போது தம்பியின் மனைவி தொலைபேசியில் எடுத்தாள்.

“மச்சாள், போட் எஞ்சின் நிண்டிட்டாம். எஞ்சின் அறைக்குள்ள தண்ணி வந்திட்டெண்டு வேற போட்டுக்காரங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அதோட ரேடியோ செட்டும் வேலை செய்யுதில்ல.”

“எந்த இடத்தில?”

“கிழக்கால, தூரத்தில. எனக்கு அதுதான் தெரியும்.”

அவள் அழவில்லை. குரல் மட்டும் தூங்கி எழுந்தவளின் குரல்போல இருந்தது. நான் இருந்த உடுப்போடு பஸ் ஏறினேன்.

துறைமுகத்தில் எல்லாருக்கும் விசயம் தெரிந்திருந்தது. கடைசியாக அவர்களோடு பேசிய போட்டுக்காரர்கள் இடத்தைச் சொல்லியிருந்தார்கள். கரையிலிருந்து வெகுதூரம், தென்கிழக்கு. அவர்களே தங்கள் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தபோது வெறும் கடல்தான் இருந்தது. கடற்படையும் தேடியது. எஞ்சின் நின்ற போட் காற்றோடு போகும். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே கிழக்கே தேடினார்கள். நானாக இருந்தாலும் முதலில் அங்கேதான் தேடியிருப்பேன். கிழக்கே ஒன்றும் இல்லை. இன்னும் கிழக்கே போனால் அந்தமான் தீவுகள்தான். அதற்கிடையில் நீரைத் தவிர எதுவும் கிடையாது.

பட்டப்படிப்பு முடிந்தபின் நான் கடலின் பௌதிகம் படிக்கப் போனேன். வேலை கிடைத்ததும் திரும்பிவிட்டேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு மாதம் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் வங்காள விரிகுடாவுக்குள் இருந்திருக்கிறேன். கம்பியில் கருவிகளைக் கட்டி ஆழத்துக்கு இறக்குவோம். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு உப்பாக இருக்கிறது என்று ஒவ்வொரு ஆழத்திலும் பார்ப்போம். பகல் முழுக்க அதே வேலை. சில நாட்களில் கம்பி நீருக்குள் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, நானும் அதனோடு இறங்குவதுபோல் இருக்கும். மேலே வெதுவெதுப்பான நீர், அதற்குக் கீழே சடுதியாகக் குளிர், அதற்கும் கீழே யாரும் பார்க்காத இருட்டு. அது எல்லாமே ஒவ்வொரு திசையில் மெல்ல நடந்துகொண்டிருக்கிறது.

காற்று நீரின் மேல்தோலைத் தள்ளுகிறது. ஆனால் பூமி சுற்றுவதால், தள்ளிய பக்கத்துக்கே நீர் போவதில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற எங்கள் கடலில் அது எப்போதும் வலப்பக்கமாக விலகும். மேல்நீர் தனக்குக் கீழே இருப்பதை இழுக்கும், அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் விலகும், அதற்குக் கீழே இருப்பது இன்னும் கொஞ்சம். ஆழம் போகப் போக வேகம் குறைந்து அடங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் காற்று ஒரு பக்கம் போக, நீர் அதற்குச் செங்குத்தாக வேறொரு பக்கம் போயிருக்கும். இதை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்கு நெடுநேரம் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றைத் தள்ள, அது தன் பாட்டுக்கு வேறு வழியால் போகிறது.

ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் பெருங்காற்றை இலங்கை நடுவில் நின்று மறிக்கிறது. தீவுக்குத் தெற்கே காற்று முழுப் பலத்தோடு ஓடும். எங்கள் கரைக்கு வெளியே, தீவின் மறைவில், இளைத்துப்போய் வீசும். இந்தப் பக்கம் பலத்த காற்று, அந்தப் பக்கம் மெலிந்த காற்று. இடையில் அகப்பட்ட கடல், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறது. மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். மேல்நீர் நடுவிலிருந்து வெளியே விலக, அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் மெல்ல மேலே வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கிறது. கரையில் நிற்கிற எங்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

தம்பியின் போட் நின்ற இடம் அந்தச் சுழற்சியின் தென்கிழக்கு ஓரம். காற்றுக்குக் கீழ்ப்படிந்தால் அது அந்தமான் பக்கம் போகும். நீருக்குக் கீழ்ப்படிந்தால் முதலில் வடக்கே போய், பிறகு மேற்கே திரும்பி, கடைசியில் எங்கள் கரை ஓரமாகவே தெற்கே இறங்கும். இரண்டில் எது என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. படகில் இருக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

துறைமுகத்தில் இருந்த அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, “தெற்குப் பக்கத்துச் சின்னப் போட்டுக்காரங்களுக்கும் சொல்லி வைக்கிறன் டீச்சர். சொல்றதில நட்டம் ஒண்டுமில்ல,” என்றார்.

தம்பியின் மனைவியை நானும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். மச்சாளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். கடல் சுற்றுகிறது என்றேன். அதற்குள் அகப்பட்டிருந்தால் திரும்பி வரக்கூடும் என்றேன். அகப்படாமலும் இருக்கலாம் என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இத நான் பிடிச்சிக்கொண்டு இரிக்கலாமா மச்சாள்? இல்லாட்டி ஆறுதலுக்குச் சொல்றீங்களா?”

“ஆறுதலுக்குச் சொல்லல்ல. ஆனா பாதிதான் எனக்குத் தெரியும்.”

“பாதி போதும்,” என்று சொல்லிவிட்டு மீதிப் பாத்திரத்தை எடுத்தாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டது. கல்குடாவிலேயே தங்கிவிட்டேன். படகை ஓட்டிப் போனவர் ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். அவருடைய மனைவியும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓட்டோ பிடித்து வருவார். மூன்று பேரும் முற்றத்து வேப்பமர நிழலில் பாய் போட்டு இருப்போம். முதல்தடவை வந்தபோது அவர் நேரே என்னிடம் கேட்டார்.

“டீச்சர், கடல் சுத்துதெண்டு சொன்னீங்களாம். உள்ளதா?”

“ஓம். சுத்துறது உள்ளது. அவங்க அதுக்குள்ள இரிக்காங்களா எண்டுதான் தெரியா.”

“அது அல்லாஹ்வுக்குத் தெரியும். நீங்க இதச் சொல்லுங்க. அங்க மழ பெய்யுமா?”

எனக்கு இது தோன்றவேயில்லை. நான் சுழற்சியின் வேகத்தையும் அகலத்தையும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குடிதண்ணீரை யோசித்திருக்கிறார். கப்பலில் இருந்த மாதத்தை நினைத்துப் பார்த்தேன். பின்னேரங்களில் கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் கொட்டிவிட்டு வெளித்துவிடும். தளத்தில் நின்று அந்த மழையில் முகம் கழுவியிருக்கிறோம்.

“பெய்யும். அடிக்கடி இல்ல. ஆனா பெய்யும்.”

“அப்ப சரி,” என்றார். “அவருக்குத் தண்ணி பிடிக்கத் தெரியும்.”

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது மச்சாள் கேட்பாள், “இண்டைக்கு எங்க நிப்பாங்க?” பாயின் மேல் விரலால் காட்டுவேன். இது கல்குடா. இது நாங்கள். அவர்கள் இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள். வடக்கே. இன்னும் வடக்கே. இனி மேற்கே திரும்புவார்கள். பாயின் கோரைகளுக்கு மேலே என் விரல் அவ்வளவு மெதுவாகப் போனது. ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம். நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு போட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருப்பதுபோல இருந்தது. சில வேளை நான் மறந்துபோய் விரலை எடுக்கப் பார்த்தால் மச்சாள், “வைங்க, வைங்க,” என்பாள்.

அந்த மத்தியானங்களில் எனக்கு வந்த உறக்கம் வேறு எந்த நாளிலும் வந்ததில்லை. கச்சான் வேப்பிலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கும். கண் மூடினால் வீடு மெல்ல அசையும். வாசல், கிணறு, கொடியில் காயும் சீலைகள், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்றும் சிந்துவதில்லை. கிணற்று நீர்கூடத் தளும்புவதில்லை. தம்பி எங்கேயோ கொஞ்சம் தள்ளி, இதே வட்டத்தில் போகிறான் என்று உறக்கத்திலேயே நிச்சயமாகத் தெரியும். விழித்தால் அந்த நிச்சயம் போய்விடும். முகம் கழுவிக்கொண்டு வந்து இருப்பேன்.

விரல் கரைக்கு வந்த நாளும் வந்தது. அன்றைக்கு அவர்கள் கல்குடாவுக்கு நேரே வெளியே நிற்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். கல்குடாவில் ஆடிக் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும். பின்னேரம் ஆனதும் திரும்பி வந்தோம். அடுத்த நாளும் போனோம். அதற்கு அடுத்த நாள் ஓட்டமாவடியிலிருந்து அவர் வரவில்லை. மச்சாள் காலையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, எங்கே நிற்பார்கள் என்று கேட்காமல் உள்ளே போனாள்.

அதுதான் அந்த நாட்களிலேயே மோசமான நாள். கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை. அப்படியானால் அவர்கள் காற்றோடு போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். ஒரு கிழமைக்கு மேல் இப்படியே போனது. நான் புளியந்தீவுக்குத் திரும்ப உடுப்பு மடித்து வைத்தேன். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்குக் காலையில்தான் துறைமுகத்திலிருந்து அதிகாரி எடுத்தார்.

“டீச்சர், செட்டிபாளையத்துக்கு வெளிய ஒரு போட்டக் கண்டிருக்காங்க. ஆக்களச் சின்னப் போட்டில ஏத்தி வாறாங்களாம்.”

“எத்தின பேர்?”

“நாலு பேரும்.”

நான் சொல்வதற்கு முன்னரே மச்சாளுக்கு என் முகத்தில் தெரிந்துவிட்டது. அவள் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஓட்டமாவடியில் படகை ஓட்டியவரின் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோ மட்டக்களப்புக்குள்ளால் தெற்கே ஓடியது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வீடுகளுக்கிடையே துண்டு துண்டாகக் கடல். வழி முழுக்க அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தார். மச்சாள் என் கையை விடவேயில்லை.

செட்டிபாளையக் கரையில் சனம் கூடியிருந்தது. நாலு பேரும் தென்னைக்குக் கீழே இருந்தார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். தம்பி கறுத்து, பாதியாகி, தாடியோடு இருந்தான். மச்சாளைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தான். கால் நிற்கவில்லை.

“நிலம் ஆடுது,” என்றான்.

மச்சாள் அவனுக்குப் பக்கத்தில் மணலில் இருந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஓட்டமாவடிப் பெண் தன் கணவரின் முன்னால் நின்று, “மழ பெஞ்சதா?” என்று கேட்டார். அவர், “பெஞ்சது, பெஞ்சது,” என்றார்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், நாலைந்து நாள் உறங்கி எழுந்தபின்தான், நடந்ததைக் கேட்டேன்.

எஞ்சின் நின்றதும் போட் காற்றுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உருளத் தொடங்கியதாம். ஒருவருக்கும் நிற்க முடியவில்லை. ஆட்டத்தைக் குறைக்க, இருந்த வலையில் பாதியைச் சுருட்டிக் கட்டி, முன்பக்கத்தால் ஆழத்துக்கு இறக்கினார்களாம்.

“அதுக்குப் பிறகு ஆடல்ல அக்கா. கடைசி வரைக்கும் அத எடுக்கல்ல.”

கப்பலில் இருந்தபோது நாங்கள் மிதவைகளைக் கடலில் விடுவோம். ஒவ்வொன்றுக்கும் கீழே நீளமான துணிக்குழாய் ஒன்று தொங்கும். மிதவை காற்றோடு ஓடிவிடாமல் கீழ்நீர் போகும் வழிக்கே போக வேண்டும் என்பதற்காக அது. அவர்கள் உருளாமல் இருக்க இறக்கிய வலை அதே வேலையைச் செய்திருக்கிறது. போட்டைக் காற்றின் கையிலிருந்து வாங்கி நீரின் கையில் கொடுத்துவிட்டது.

“சுத்துறது தெரிஞ்சுதா?”

“ஒண்டும் தெரியா. நிண்ட இடத்திலதான் நிக்கிறம் எண்டு நினைச்சம். நாலு பக்கமும் ஒரே கடல். பக்கத்தில ஒரு பலகை மிதந்துது. விடிய எழும்பினா அதே பலகை அதே இடத்தில. நாங்களும் அதுவும் சேந்துதானே போறம், அது தெரியல்ல.”

காலை நீட்டி உள்ளங்காலைத் தடவிக்கொண்டான்.

“பிறகு தண்ணி நிறம் மாறிச்சு. நீலம் போய்ப் பச்சையாகிச்சு. கால வச்சா குளிர். கடல் நடுவில அப்பிடிக் குளிர நான் கண்டதில்ல. குருவியெல்லாம் வந்திச்சு. சூரை, சின்ன மீன், எல்லாம் போட்டுக்குக் கீழ வந்து நிண்டிச்சு. தூண்டில் போட்டா உடன பிடிக்கும். பச்சையாத் திண்டம். அதாலதான் உசிரோட இரிக்கம்.”

அவன் சொன்ன இடம் எது என்று எனக்கு அப்போது விளங்கியது. அது சுழற்சியின் நடு. ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும் இடம். அந்த நீரோடு கீழே கிடந்த சத்தெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், பாசிக்குச் சின்ன மீன், சின்ன மீனுக்குச் சூரை. ஓரத்தில் போன போட்டை ஏதோ ஒரு சிறு சுழி உள்ளே இழுத்துவிட்டிருக்கிறது. நடுவில் நீர் மிக மெதுவாகத்தான் நகரும். நான் ஓரத்து வேகத்தை வைத்தே கணக்குப் பார்த்தேன். அதனால்தான் என் விரல் அவர்களுக்கு முன்னால் கரைக்கு வந்துவிட்டது.

“பிறகு ஒரு நாள் பின்னேரம் மேற்கால கறுப்பா ஒண்டு தெரிஞ்சுது,” என்றான் தம்பி. “மேகம் எண்டு நினைச்சம். சூரியன் அதுக்குப் பின்னால இறங்கினதும் பாத்தா எங்கட ஊர்ப்பக்கத்துக் குடும்பிமலை. எங்களுக்கு அழுகை வந்திட்டு. நாங்க அந்தமானுக்குக் கிட்ட நிக்கிறம் எண்டு நினைச்சிக்கொண்டிருந்தம்.”

மச்சாள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “உங்கட அக்காதான் உங்கள ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிக் கொண்டு வந்தது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. காற்று வடகிழக்குக்கு மாற, அந்தச் சுழற்சியும் இல்லாமல் போயிருந்தது. விரிகுடாவின் அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கண்ணுக்கே தெரியாத நீண்ட அலைகள் மாதக்கணக்காக மேற்கே நடந்துவந்து அதைக் கலைத்துவிடும். தம்பிக்குள் இருந்த ஆட்டம் அடங்கவும் அதே அளவு மாதங்கள் ஆயின. உறக்கத்தில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான் என்று மச்சாள் சொன்னாள். நடந்துகொண்டிருக்கும்போது நின்று, கால் அகற்றி வைத்து, பிறகு மீண்டும் நடப்பான். கடலுக்குப் போவதைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

கரைக்கு இழுத்து வந்திருந்த போட்டை மாசியில் திருத்தி முடித்தார்கள். அதை ஓட்டுகிறவர் ஒரு நாள் கல்குடாவுக்கு வந்து, புது செட் பூட்டியிருக்கிறோம், தனி பற்றரியும் தண்ணீர் எட்டாமல் மேலே வைத்திருக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி இரண்டு நாள் யோசித்தான். பிறகு மச்சாளிடம் கேட்டான். அவள், “என்னட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க. போகத்தானே போறீங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

புறப்பட்ட நாளில் நானும் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் ஏற்றினார்கள், தண்ணீர்ப் பீப்பாக்களை ஏற்றினார்கள். தம்பி ஒரு தடவை கரையைப் பார்த்துக் கையைக் காட்டினான், பிறகு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். போட் வாய்க்கால் வழியாக வெளியே போய் வலப்பக்கம் திரும்பும்வரை நின்றோம். மச்சாள் வீட்டுக்கு வரச் சொன்னாள். எனக்கு அடுத்த நாள் வகுப்பு இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் அந்த மத்தியானங்களின் வீட்டைப்போல மெல்ல அசைய, ஏறாவூர் வருவதற்குள் உறங்கிவிட்டேன். மட்டக்களப்பில் எல்லாரும் இறங்கியபின் கண்டக்டர் வந்து தட்டி எழுப்பினார்.